குத்துச்சண்டையில் போங்காட்டம்: டைசன் கடித்த காதைத் தாண்டி

குத்துச்சண்டை வரலாற்றிலேயே மிக மோசமாக விதியை மீறியவர் யார், மைக் டைசன்தானே என்பது கேள்வி. யாரைக் கேட்டாலும் அந்தக் காதைத்தான் முதலில் சொல்வார்கள். பல வருஷமாகப் பழைய சண்டைகளின் பதிவுகளைத் தேடித்தேடிப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என் பட்டியலில் டைசன் முதல் ஐந்து பேருக்குள்கூட வரமாட்டார். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இரவிலிருந்தே தொடங்கலாம். 1997 ஜூன் 28, லாஸ் வேகாஸ், எம்ஜிஎம் கிராண்ட். அதற்கு ஏழு மாதம் முன்பு நடந்த முதல் சண்டையில் இவாண்டர் ஹோலிஃபீல்ட் 11-வது சுற்றில் டைசனை முடித்திருந்தார். அந்தச் சண்டை முழுக்க ஹோலிஃபீல்டின் தலை வந்து வந்து முட்டியது என்று டைசன் தரப்பு புகார் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சண்டையின் இரண்டாவது சுற்றிலும் தலை மோதி டைசனின் வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது, நடுவர் மில்ஸ் லேன் அது தற்செயல் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது சுற்றில் டைசன் ஹோலிஃபீல்டின் வலது காதைக் கடித்து ஒரு துண்டைத் துப்பினார். இரண்டு புள்ளி பறித்து, மருத்துவர் பார்த்து, சண்டை தொடர்ந்தது, உடனே அடுத்த காதையும் கடித்தார். தகுதிநீக்கம், 30 லட்சம் டாலர் அபராதம், உரிமம் ரத்து. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் உரிமம் திரும்பக் கிடைத்தது.

அருவருப்பான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தார், அங்கேயே பிடிபட்டார், அன்றைக்கே தண்டனை விழுந்தது. காதில் துண்டு போன ஹோலிஃபீல்ட் அதற்குப் பிறகும் பல வருஷம் சண்டை போட்டார். குத்துச்சண்டையில் உண்மையிலேயே ஆபத்தான போங்காட்டம் இப்படி வெளிச்சத்தில் நடப்பதில்லை.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்குப் போங்கு என்று நாம் சொல்கிற பலவும் ஒரு காலத்தில் விதிக்கு உட்பட்டவை. 1743-ல் ஜாக் பிரௌட்டன் லண்டனில் எழுதிவைத்த விதிகளில் ஆட்டக்காரர்களுக்கு இருந்த தடைகள் மிகக் குறைவு: விழுந்து கிடப்பவனை அடிக்காதே, இடுப்புக்குக் கீழே பிடிக்காதே, அவ்வளவுதான். அதனால்தான் 1795-ல் ஜான் ஜாக்சன், டேனியல் மென்டோசாவின் நீண்ட தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் குத்தியபோது யாராலும் தடுக்க முடியவில்லை. மென்டோசா அந்தக் காலத்தின் மிக நுட்பமான ஆட்டக்காரர், நகர்ந்து தப்பிப்பதையே ஒரு கலையாக்கியவர். அவரை நகரவிடாமல் முடியைப் பிடித்து அடித்து வென்றுவிட்டார்கள், அதற்கு விதியும் இடம் கொடுத்தது.

ஜாக் டெம்ப்சி கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1919 ஜூலை 4-ல் டொலிடோவில் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். அந்தப் பதிவைப் பார்த்தால் வில்லார்ட் எழுந்திருக்க முயலும்போதே டெம்ப்சி பக்கத்தில் நின்று, முழங்கால் தரையை விட்டு எழும்பியதும் அடிப்பது தெரியும். அப்போது அதைத் தடுக்க விதி இல்லை. அப்புறம்தான் எதிராளி விழுந்தால் இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற விதி வந்தது. 1927-ல் சிகாகோவில் ஜீன் டன்னியை வீழ்த்திய டெம்ப்சி அந்த மூலைக்குப் போகத் தாமதித்தார், நடுவர் பத்து எண்ணத் தொடங்கவும் தாமதமானது, டன்னிக்கு எழுந்துகொள்ளப் பத்து நொடிக்குப் பதில் 14 நொடி போல நேரம் கிடைத்தது. டெம்ப்சி தோற்றார். வில்லார்ட் சண்டையில் டெம்ப்சி கையுறைக்குள் சுற்றியிருந்த கைக்கட்டில், காய்ந்தால் இறுகும் பிளாஸ்டர் இருந்தது என்று பல பத்தாண்டு கழித்து அவருடைய பழைய மேலாளர் பெயரில் ஒரு கதை வெளிவந்தது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, நான் நம்பவும் இல்லை.

இடுப்புக்குக் கீழே அடிப்பது பற்றியும் ஒரு வரி. 1930 ஜூன் 12-ல் ஜாக் ஷார்க்கி அடித்த ஒரு கீழ்க்குத்தால் ஷார்க்கி தகுதி இழக்க, மாக்ஸ் ஷ்மெலிங் தரையில் கிடந்தபடியே உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அந்தக் கூத்துக்குப் பிறகு நியூயார்க்கில் இடுப்புக் காப்பைக் கட்டாயமாக்கி, கீழ்க்குத்தைக் காரணம் காட்டி யாரும் வெல்ல முடியாது என்று மாற்றினார்கள்.

இனி, போங்காட்டத்தையே ஒரு தொழில்நுட்பமாகக் கற்றவர்கள். இதில் பிட்ஸ்பர்க் நகரத்துக்குத் தனி இடம் உண்டு. ஹாரி கிரெப் அங்கிருந்து வந்தவர், 13 வருஷத்தில் ஏறக்குறைய 300 சண்டை போட்டவர். நிற்காமல் சுழன்று அடிப்பார். அந்தச் சுழற்சிக்குள் தலையால் முட்டுவது, பிடித்துக்கொண்டு அடிப்பது, கட்டைவிரலைக் கண்ணில் விடுவது, கையுறையின் கயிற்றுப் பக்கத்தை எதிராளியின் புருவத்தில் வைத்து இழுப்பது எல்லாம் இருக்கும். 1922 மே 23-ல் ஜீன் டன்னியை அடித்த அடியில் முதல் சுற்றிலேயே மூக்கு உடைந்தது, பிறகு இரண்டு கண்ணுக்கு மேலும் கிழிந்தது, 15 சுற்று முழுக்க ரத்தம் வடிய நின்று ஆடினார் டன்னி. தொழில்முறையில் டன்னி தோற்ற ஒரே சண்டை அது. கிரெப்புக்கே ஒரு கண் பார்வை இல்லை. இன்னொரு ஆட்டக்காரரின் கையுறைக் கட்டைவிரல் பட்டுத்தான் அந்தக் கண் போனது என்று சொல்வார்கள். அதை மறைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார். 1926-ல் 32 வயதில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் டன்னியும் ஒருவர். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தன் முகத்தைக் கிழித்தவரின் பெட்டிக்குத் தோள் கொடுக்க டன்னிக்கு மனம் வந்தது.

அதே ஊர்க்காரர் ஃபிரிட்சி சிவிக். இவர் எதையும் மறைக்கவில்லை, ஓய்வு பெற்ற பிறகு தான் செய்ததை எல்லாம் வாய்விட்டுச் சொன்னவர். கண்ணில் விரலை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார், எதிராளி பரவாயில்லை என்று ஒரு கணம் தளரும்போது அடுத்த குத்து விழும். 1940 அக்டோபர் 4-ல் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்தார். ஆர்ம்ஸ்ட்ராங் ஒன்றும் ஒழுங்காக ஆடுகிற ஆள் இல்லை, தலையைத் தாழ்த்தி நெஞ்சில் முட்டிக்கொண்டே உள்ளே வருபவர். சிவிக் சொன்னபடி, முதல் சில சுற்று அவர் பொறுத்துப் பார்த்தார், பிறகு தானும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார், நடுவரும் இருவருமே இப்படித்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் ஆடுங்கள் என்று விட்டுவிட்டார். கடைசியில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன.

அடுத்த மாதமே சிவிக் இன்னொருவரிடம் மாட்டினார். புரூக்ளின்காரர் அல் டேவிஸ், பம்மி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதல் சுற்றில் சிவிக்கின் விரல் கண்ணில் பட்டதும் டேவிஸுக்குக் கண்மண் தெரியாத கோபம். இரண்டாவது சுற்றில் வரிசையாக இடுப்புக்குக் கீழேயே குத்தினார், ஒன்று இரண்டு இல்லை, பத்து வரை எண்ணியவர்கள் உண்டு. தகுதிநீக்கம் செய்தபோது நடுவரையே எட்டி உதைத்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கலவரம் ஆகிவிட்டது. இந்தச் சண்டையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டேவிஸைத்தான் திட்டுவார்கள், அவருக்குத்தான் 2,500 டாலர் அபராதமும் தடையும். முதலில் கைவைத்தவர் சிவிக். ஆனால் அவர் நடுவர் நின்ற பக்கம் பார்த்துச் செய்தார், டேவிஸுக்கு அந்த நிதானம் இல்லை. 25 வயதில், ஒரு மதுக்கடைக்குள் புகுந்த கொள்ளைக்காரர்களோடு வெறும் கையோடு மோதி, சுடப்பட்டு இறந்தார் டேவிஸ்.

நடுவர் நிற்கிற பக்கம் என்றேன் அல்லவா, அதுதான் இந்த வித்தை முழுவதும். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது நடுவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும், மறைந்த பக்கத்துக் கைதான் வேலை செய்யும். சண்டை பார்க்கும்போது அந்தக் கையைக் கவனியுங்கள். உள்ளே நுழைகிற சாக்கில் புருவத்தில் தலை உரசுவது, தோளைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தூக்குவது, குத்து தவறிப் போனது போல முழங்கையைப் பின்னால் விடுவது, எதிராளியின் முன்காலை மிதித்துக்கொண்டு அடிப்பது, எல்லாம் அங்கேதான் நடக்கும். கையுறைக் கயிற்றால் கண்ணைக் கிழிப்பது இப்போது கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. கயிற்றின் மேல் டேப் ஒட்டியே ஆக வேண்டும், கட்டைவிரலும் கையுறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய பார்வை போயிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

இதில் எனக்குப் புரியாத புதிர் ஆண்ட்ரூ கோலோட்டா. 1996-ல் இரண்டு முறை ரிடிக் போவோடு மோதினார், இரண்டு முறையும் புள்ளிக்கணக்கில் முன்னால் இருந்தார், போவைத் துவைத்துக்கொண்டிருந்தார். சும்மா நின்று ஆடியிருந்தாலே வெற்றி. ஆனால் ஜூலையில் நியூயார்க்கில் கீழ்க்குத்துக்காக மூன்று முறை புள்ளி பறிபோயும் நிறுத்தாமல் ஏழாவது சுற்றில் தகுதி இழந்தார், ரிங்குக்குள் கூட்டம் ஏறி அடிதடி ஆனது. டிசம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் ஒன்பதாவது சுற்றில் அதே தவறு, அதே முடிவு. கிரெப்பும் சிவிக்கும் வெல்வதற்காக விதியை மீறினார்கள், இவர் வென்றுகொண்டிருக்கும்போதே மீறித் தோற்றார்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ரிங்குக்குள் நடக்கும் போங்கெல்லாம் ஏதோ சுவையான பழங்கதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடரியில் குத்துவதை ரேபிட் பஞ்ச் என்பார்கள், முயலைப் பிடரியில் அடித்துக் கொல்லும் வழக்கத்திலிருந்து வந்த பெயர். முகத்தில் அடி வரும்போது கண் பார்க்கும், கழுத்து இறுகும், தலை கொஞ்சம் விலகும். பிடரியில் வரும் அடிக்கு உடம்பு தயாராக இருக்காது. 2015 அக்டோபர் 17-ல் வர்ஜீனியா மாநிலத்தில் பிரிச்சர்ட் கோலோன் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் டெரல் வில்லியம்ஸோடு மோதினார். 23 வயது, அதுவரை தோல்வியே இல்லை. பின்தலையில் அடி விழுகிறது என்று சண்டையின்போதே தலையைத் தொட்டுக் காட்டி முறையிட்டார், தலை சுற்றுவதாகவும் சொன்னார். வில்லியம்ஸிடம் ஒரு புள்ளி பறித்தார்கள், மருத்துவர் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றார். கோலோனும் அந்தச் சண்டையில் கீழ்க்குத்து அடித்துப் புள்ளி இழந்தவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது சுற்றில் இரண்டு முறை விழுந்தார். சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து அவருடைய ஆட்கள் கையுறையைக் கழற்றிவிட, தகுதிநீக்கம் என்று அறிவித்தார்கள். உடைமாற்றும் அறையில் வாந்தி எடுத்துச் சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. 221 நாள் கோமாவில் கிடந்தார். பிறகு வீட்டில் அம்மா கைப்பிள்ளையைப் போல வைத்துப் பார்த்துக்கொள்கிறார். வில்லியம்ஸ் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிடரியில் விழுந்த முதல் அடிக்கே புள்ளியைப் பறிக்காத எந்த நடுவர் மீதும் எனக்கு அன்றிலிருந்து கோபம் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு ஒரு பெயர் சொல்கிறேன். பனாமா லூயிஸ். அவர் ரிங்குக்குள் நின்று குத்தியவர் இல்லை, மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற பயிற்சியாளர்.

1983 ஜூன் 16, மேடிசன் ஸ்கொயர் கார்டன். அன்றைய முக்கியச் சண்டை ராபர்ட்டோ டுரானுக்கும் டேவி மோருக்கும். அதற்கு முன்பு ஒரு பத்துச் சுற்றுச் சண்டை. ஒரு பக்கம் டென்னசியிலிருந்து வந்த பில்லி காலின்ஸ் ஜூனியர், 21 வயது, 14 சண்டை, 14 வெற்றி. அப்பாவும் பழைய குத்துச்சண்டைக்காரர், அவரே பயிற்சியாளர். எதிரே பனாமா லூயிஸ் பயிற்சி கொடுத்த லூயிஸ் ரெஸ்டோ, வளரும் பையன்களுக்கு நல்ல சோதனையாக இருப்பார் என்று கூப்பிடப்படும் வகை, ஓங்கி அடிப்பவர் என்ற பெயர் அவருக்குக் கிடையாது. அப்படிப்பட்டவர் பத்துச் சுற்றும் காலின்ஸின் முகத்தை உருத்தெரியாமல் ஆக்கினார். இடையிலேயே காலின்ஸ், நான் நினைத்ததைவிட இவன் ரொம்ப பலசாலியாக இருக்கிறான் என்று அப்பாவிடம் சொன்னார். தீர்ப்பு ரெஸ்டோவுக்கு.

மணி அடித்த பிறகு ரெஸ்டோ கை கொடுக்க வந்தார். காலின்ஸின் அப்பா அந்தக் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவில்லை. கையுறைக்குள் திணிப்பே இல்லை, எலும்பு தட்டுப்படுகிறது என்று கத்தி, குத்துச்சண்டை ஆணையத்து ஆட்களைக் கூப்பிட்டார். கையுறைகளைக் கைப்பற்றிச் சோதித்தபோது உள்ளே ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் ஓர் அவுன்ஸ் திணிப்பை எடுத்திருப்பது தெரிந்தது. எட்டு அவுன்ஸ் கையுறையில் ஓர் அவுன்ஸ் என்றால் காகிதத்தில் சின்னக் கணக்காகத் தோன்றும். எடுத்தது முட்டியின் மேல் இருந்த அவுன்ஸ், அடி விழுகிற இடத்து அவுன்ஸ்.

காலின்ஸின் கண்ணில் கண்மணியைச் சூழ்ந்த திரை கிழிந்திருந்தது, பார்வை நிரந்தரமாக மங்கிவிட்டது, இனி சண்டை கிடையாது என்றார்கள். வேறு வேலை எதுவும் நிலைக்கவில்லை, குடி கூடியது. 1984 மார்ச் 6-ம் தேதி ஊருக்குப் பக்கத்தில் அவர் ஓட்டிய கார் சாலையை விட்டு இறங்கி ஒரு சிறு பாலத்தில் மோதியது. 22 வயதில் செத்துப்போனார். ரெஸ்டோ வென்ற தீர்ப்பு ரத்தானது. 1986-ல் பனாமா லூயிஸும் ரெஸ்டோவும் தாக்குதல், சதி, ஆயுதம் வைத்திருந்தது என்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். ஆயுதம் என்று சொன்னது ரெஸ்டோவின் கைகளை. அவர் இரண்டரை வருஷம் சிறையில் இருந்தார்.

இரண்டு பத்தாண்டுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது என்றே ரெஸ்டோ சொல்லிக்கொண்டிருந்தார். 2008 வாக்கில்தான் வாய் திறந்தார். திணிப்பை எடுத்தது தனக்குத் தெரியும் என்றார். அதோடு நிற்கவில்லை, கையில் சுற்றிய கட்டுத்துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்தது என்றார். அதாவது காலின்ஸின் முகத்தில் பத்துச் சுற்றும் விழுந்தது, உடைந்த எலும்புக்குப் போடும் மாவுக்கட்டு. காலின்ஸின் மனைவியைத் தேடிப்போய் நேரிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார் என்றும் ரெஸ்டோ சொன்னார். அதைக் கேட்டதும் பழைய ரசிகர்களுக்கு 1982 நவம்பர் 12-ம் தேதி ஞாபகம் வந்திருக்கும். மயாமியில் அரோன் பிரையருக்கும் அலெக்சிஸ் அர்குவெல்லோவுக்கும் நடந்த மாபெரும் சண்டை, 13-வது சுற்று முடிந்து பிரையர் களைத்து உட்கார்ந்தபோது, அந்த பாட்டில் வேண்டாம், நான் கலந்துவைத்ததைக் கொடு என்று லூயிஸ் சொன்னது தொலைக்காட்சி மைக்கில் பதிவானது. 14-வது சுற்றில் பிரையர் புயலாக எழுந்து வந்து அர்குவெல்லோவை முடித்தார். பாட்டிலில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நான் அந்தச் சண்டையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இரண்டு பேருமே மகத்தான வீரர்கள், ஆனால் அந்த 14-வது சுற்றை இனி என்னால் சந்தேகம் இல்லாமல் ரசிக்க முடியாது. இதுவும் லூயிஸ் திருடியதுதான்.

கிரெப்பிடம் மோதப் போனவருக்கு கிரெப் என்ன செய்வார் என்று தெரியும். தலை வரும், விரல் வரும், பதிலுக்குத் தானும் செய்யலாம், நடுவரிடம் முறையிடலாம், மூலையில் உள்ளவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசலாம். காலின்ஸுக்கு எதுவுமே இல்லை. தன் முகத்தில் விழுவது என்ன என்று தெரியாமலே, இவன் பலசாலி என்று நம்பிக்கொண்டு, வீரமாகப் பத்துச் சுற்றும் நின்றார். அவருடைய துணிச்சலே அவரைக் கெடுத்தது. முன்னாலேயே சுருண்டு விழுந்திருந்தால் கண் தப்பியிருக்கலாம்.

இவ்வளவு நடந்தும் பாடம் முழுதாகப் பதியவில்லை. 2008 ஜூலை 26-ல் அன்டோனியோ மார்கரிட்டோ, அதுவரை தோல்வியே காணாத மிகுவேல் கோட்டோவை 11-வது சுற்றில் மண்டியிட வைத்தார். ஆறு மாதம் கழித்து, 2009 ஜனவரி 24-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் ஷேன் மோஸ்லியோடு சண்டை. மோஸ்லியின் பயிற்சியாளர் நாசிம் ரிச்சர்ட்சன், எதிராளியின் அறையில் கைக்கட்டு சுற்றுவதை உட்கார்ந்து பார்த்தார். எதிர்த்தரப்பில் ஒருவர் அப்படி நின்று பார்ப்பது சம்பிரதாயம், பலரும் பேருக்குப் பார்ப்பார்கள். இவர் விடாமல் பார்த்து, உள்ளே வைத்த துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கட்டைப் பிரித்தால் முட்டிக்கு மேலே காய்ந்து இறுகிய ஒரு திண்டு இருந்தது. இரண்டு கைக்கட்டையும் பிரித்துப் புதிதாகச் சுற்றினார்கள். சோதனைச் சாலையில் அந்தத் திண்டில் கால்சியமும் கந்தகமும் இருப்பது தெரிந்தது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இருப்பவைதான் அவை. மார்கரிட்டோ தனக்குத் தெரியாது என்றார், அவருடைய பயிற்சியாளர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், இருவருக்கும் உரிமம் ரத்து. அன்றிரவு புதிய கட்டோடு ஏறிய மார்கரிட்டோவை மோஸ்லி ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தினார்.

கோட்டோவோடு நடந்த சண்டையில் அந்தத் திண்டு இருந்ததா என்று யாரும் சோதித்துச் சொல்ல வழியில்லை. கோட்டோவுக்குச் சந்தேகமே இல்லை. தன்னோடு மோதிய அன்று எடுத்த புகைப்படத்தில் மார்கரிட்டோவின் கைக்கட்டு எப்படிக் கிழிந்திருக்கிறது பாருங்கள் என்று படத்தைக் காட்டிச் சொல்லிவந்தார். 2011 டிசம்பர் 3-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மறுபடியும் மோதினார்கள். மார்கரிட்டோவின் வலது கண் முழுக்க மூடிக்கொண்டதால் பத்தாவது சுற்றுக்கு முன்பே மருத்துவர் பேச்சில் சண்டை நின்றது. கோட்டோ துள்ளிக் குதிக்கவில்லை. மெதுவாக நடந்து மார்கரிட்டோ பக்கம் போய், ஒரு வார்த்தை பேசாமல், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.